புயலுக்கு மறுநாளும் பேசும் ஆண்டெனா: மொரீஷியஸில் காற்றுச் சுமை குறைந்த ரிப்பீட்டர் ஆண்டெனாவைத் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

ஹாம் ரேடியோவுக்கு (அமெச்சூர் வானொலிக்கு) புதிதாக வந்து, ரிப்பீட்டர் வைக்கும் ஆசையும் வந்துவிட்டவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை டிபி ஆண்டெனா வாங்கலாம்?" என்பதுதான். டிபி (டெசிபெல்) என்பது கெயினை, அதாவது ஆண்டெனா அலையை எவ்வளவு குவிக்கிறது என்பதை, அளக்கும் அலகு. மொரீஷியஸில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மணிக்கு 250 கிலோமீட்டர் காற்று அடித்தால் இந்த ஆண்டெனா அதன் குழாயை எவ்வளவு பலத்தோடு வளைக்கும்?

250 என்பது பயமுறுத்துவதற்காகச் சொன்ன எண் இல்லை. 1960 பிப்ரவரியில் வந்த கரோல் புயலில் காற்றின் வீச்சு 256 கிமீயைத் தொட்டது. 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் 280 கிமீ. 1994இல் ஹொலாண்டா 216 கிமீ. புயல் காலம் என்று இங்கே கணக்கு வைப்பது நவம்பர் 1 முதல் மே 15 வரை. அதாவது ஆண்டில் பாதிக்கு மேல். தைப்பூசக் காவடி எடுக்கும் நாட்களும் அதற்குள்தான் வருகின்றன.

ரிப்பீட்டர் என்பது ஒரு அலைவரிசையில் கேட்டதை அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் உரக்கச் சொல்லும் நிலையம். கையில் 5 வாட் கருவி வைத்திருப்பவரின் குரலைத் தீவின் மறுகோடிக்குக் கொண்டு போவது அதன் வேலை. சாதாரண நாட்களில் அது அரட்டைக்குப் பயன்படும். உண்மையான தேவை வருவது புயல் கடந்த மறுநாள், கரண்ட் இல்லாமல் கைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக மௌனமாகும்போது. அன்றைக்கு ஆண்டெனா தரையில் கிடந்தால், அது எத்தனை டிபி என்பதில் அர்த்தமே இல்லை. ஆகவே என் கட்சி இது: சிறிய ஆண்டெனா, குட்டையான உறுதியான குழாய், பரணில் ஒரு மாற்று ஆண்டெனா. பெரிய கெயின் வேண்டவே வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் காகிதம், அப்புறம் இடம்

உரிமம் இல்லாமல் எந்த அனுப்பியையும் இயக்கக் கூடாது. இங்கே அமெச்சூர் உரிமம் தருவது ஐசிடிஏ ஆணையம். 3பி8 என்று தொடங்கும் அழைப்புக் குறி அவர்கள் வழியாகத்தான் கிடைக்கும். ரிப்பீட்டரின் அலைவரிசை, வைக்கும் இடம், திறன் எல்லாவற்றையும் பொருள் வாங்குவதற்கு முன்பே அவர்களிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே ரிப்பீட்டர் நடத்துகிறவர்களிடமும் ஒரு வார்த்தை பேசுவது நல்லது. ஒரே தீவில் இருந்துகொண்டு ஒருவர் அலைவரிசை மேல் மற்றவர் ஏறிப் பேச வேண்டாம்.

இடம் என்றதும் எல்லோருக்கும் மலைதான் நினைவுக்கு வரும். லெ பூஸ் 812 மீட்டர், கோர் தெ கார்த் 719 மீட்டர். கோர் தெ கார்த் சரிவில் இருக்கும் முருகன் கோயில் படிகளில் நின்று கீழே பார்த்தவர்களுக்கு, அந்த உயரத்திலிருந்து ரேடியோ எவ்வளவு தூரம் போகும் என்பதை விளக்கவே வேண்டியதில்லை. ஆனால் மலை உச்சியில் அனுமதி வேண்டும், மின்சாரம் வேண்டும், பாதை வேண்டும். புயலுக்குப் பிறகு பாதை மூடிக்கிடந்தால் அங்கே போய்ப் பழுது பார்ப்பது யார்?

இன்னொரு தொல்லையும் உண்டு. மலை முகட்டின் மேல் ஏறும் காற்று வேகம் கூடித்தான் கடக்கும். வேகம் 30 சதவீதம் கூடினால் அழுத்தம் ஏறக்குறைய 70 சதவீதம் கூடும். வானிலை நிலையம் சமவெளியில் அளந்து சொல்லும் எண்ணை மலை உச்சிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

புதியவருக்கு நான் சொல்வது மேட்டுநில வீட்டு மாடியைத்தான். க்யூர்பிப் நகரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் மேலே இருக்கிறது. ரேடியோ அடிவானத்தைக் கணக்கிட ஒரு எளிய வழி உண்டு: உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும். 550 மீட்டருக்கு அது சுமார் 97 கிமீ. தீவின் நீளமே 65 கிமீதான். தடையாக நிற்பது தூரம் இல்லை, இடையில் இருக்கும் மலைகள். அவற்றின் நிழலில் விழும் ஊருக்கு எத்தனை டிபி கெயின் போட்டாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது.

கெயின் ஏன் இங்கே அவ்வளவு தேவையில்லை

ஆண்டெனா தானாக எந்தத் திறனையும் உருவாக்குவதில்லை. மேலும் கீழும் போகும் அலையைப் பிழிந்து அடிவானத்தின் பக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான். எவ்வளவு பிழிகிறதோ அவ்வளவு கெயின், அவ்வளவு நீளம். சாதாரண அரை அலை டைபோலின் (அலை நீளத்தில் பாதி நீளமுள்ள எளிய ஆண்டெனாவின்) செங்குத்து வீச்சு சுமார் 78 டிகிரி. 8 டிபிஐ சொல்லும் நீண்ட ஃபைபர் கிளாஸ் ஆண்டெனாவில் அது 15, 16 டிகிரிக்குச் சுருங்கிவிடும்.

உயரமான இடத்தில் இது எதிராகத் திரும்பும். மலை உச்சியில் ஆண்டெனா. 2 கிமீ தள்ளி, 400 மீட்டர் கீழே ஒருவர் வீடு. அவரைப் பார்க்க ஆண்டெனா 11 டிகிரி கீழே குனிய வேண்டும். 16 டிகிரி வீச்சில் பாதி, அதாவது 8 டிகிரிதான் கீழ்ப்பக்கம் கிடைக்கும். அலையின் பெரும்பகுதி அவர் தலைக்கு மேலே கடந்து கடலுக்குப் போகிறது. ரிப்பீட்டர் பக்கத்தில் இருப்பதால் அவருக்குக் கேட்கலாம். ஆனால் அவருடைய கைக்கருவியின் குரல் திரும்பப் போகும்போது தடுமாறும். மீன்களுக்கு நல்ல சிக்னல் கொடுத்து என்ன பயன்?

ஆகவே 2 மீட்டர் பட்டையில் (அலை நீளம் சுமார் இரண்டு மீட்டர் உள்ள, 145 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகளில்) 3 முதல் 6 டிபிஐ வரை போதும். பட்டியல் படிக்கும்போது டிபிஐ, டிபிடி இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டிபிஐ என்பது எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிட்டது, டிபிடி டைபோலோடு ஒப்பிட்டது. டிபிடி எண்ணோடு 2.15 சேர்த்தால் டிபிஐ. பெரிய எண்ணாகத் தெரியட்டும் என்று விற்பவர்கள் டிபிஐயில்தான் போடுவார்கள்.

காற்றுக் கணக்கு

பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்பட வேண்டாம். காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றுங்கள் (கிமீயை 3.6ஆல் வகுத்தால் போதும்). அதை அதே எண்ணால் பெருக்கி 16ஆல் வகுங்கள். ஒரு சதுர மீட்டர் மேல் எத்தனை கிலோ விசை என்பது கிடைக்கும். மணிக்கு 120 கிமீ என்றால் சுமார் 70 கிலோ. 250 கிமீ என்றால் சுமார் 300 கிலோ. 280 கிமீ என்றால் 378 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு.

அடுத்து, ஆண்டெனாவின் நிழல் பரப்பு: நீளத்தைத் தடிமனால் பெருக்குங்கள். உருண்டையான குழாய் என்பதால் 1.2ஆல் மறுபடி பெருக்குங்கள். 1.7 மீட்டர் நீளம், 3 செமீ தடிமன் உள்ள ஆண்டெனா 250 கிமீ காற்றில் 18 கிலோ இழுக்கும். 3 மீட்டர் நீளம், 4 செமீ தடிமன் என்றால் 43 கிலோ. 5.2 மீட்டர், அதே தடிமன் என்றால் 75 கிலோ. அடியில் பக்கவாட்டில் நீட்டும் ராடியல் கம்பிகளையும் கிளாம்பையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஆனால் குழாயை வளைப்பது வெறும் கிலோ இல்லை, நெம்பு. விசை ஆண்டெனாவின் நடுவில் வேலை செய்வதாக எடுத்துக்கொண்டு, அடியிலிருந்து அந்த நடுப்புள்ளி எவ்வளவு தூரம் என்று பெருக்க வேண்டும். கிலோவை நியூட்டனாக்க 9.8ஆலும் பெருக்குங்கள். சின்ன ஆண்டெனாவின் அடியில் நெம்பு சுமார் 155 நியூட்டன் மீட்டர். மூன்று மீட்டர்காரனுக்கு 640. ஐந்து மீட்டர்காரனுக்கு 1900. நீளம் மூன்று மடங்கானதற்கு நெம்பு பன்னிரண்டு மடங்கு! இதற்குப் பதிலாகக் கிடைக்கும் கூடுதல் கெயினோ 4 டிபிக்கும் குறைவு.

இதைத் தயாரிப்பாளர்களின் எண்களிலேயே பார்க்கலாம். டயமண்ட் எக்ஸ்50 என்ற 1.7 மீட்டர் ஆண்டெனா நொடிக்கு 60 மீட்டர் காற்றைத் தாங்கும் என்கிறார்கள், அதாவது 216 கிமீ. அதே நிறுவனத்தின் 5.2 மீட்டர் எக்ஸ்510க்கு அவர்களே சொல்வது நொடிக்கு 40 மீட்டர், 144 கிமீ. வேறு நாட்டுக்கு அது தாராளம். இங்கே அது ஒரு நடுத்தரப் புயலின் வேகம்.

பட்டியலைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் கவனம். பரப்பு என்று போட்டிருந்தால் அது நிழல் பரப்பா, அதற்குச் சமமான தட்டைப் பலகைப் பரப்பா என்று பாருங்கள். தட்டைப் பரப்பு என்றால் 1.2க்குப் பதில் 2ஆல் பெருக்க வேண்டும், இல்லையென்றால் சுமை ஏறக்குறையப் பாதியாகத் தெரிந்து ஏமாந்துபோவோம். இரண்டாவது, "தாங்கும் வேகம்" என்பது ஆண்டெனாவுக்கு மட்டும் சொன்னது. உங்கள் குழாய்க்கும் கிளாம்புக்கும் சுவருக்கும் அவர்கள் பொறுப்பில்லை. பனிக்கட்டி படிந்தால் எவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். அதை நாம் நிம்மதியாக விட்டுவிடலாம்.

எந்த வகை

மிக எளியது கால் அலை கிரவுண்ட் பிளேன். 145 மெகாஹெர்ட்ஸில் அரை மீட்டர் நீளக் கம்பி ஒன்று மேலே, நான்கு ராடியல்கள் கீழே. காற்றுக்கு இதைப் பிடிக்க இடமே இல்லை. கெயின் சொற்பம். ஆனாலும் க்யூர்பிப் மாடியில் வைத்தால் தீவின் பெரும்பகுதிக்குப் போதுமானதாக இருக்கும். மாற்று ஆண்டெனாவாகப் பரணில் வைக்க இதைவிட நல்லது இல்லை. வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

அடுத்து வெள்ளைக் குழாய் போன்ற ஃபைபர் கிளாஸ் கோலினியர். வாங்க எளிது, மாட்ட எளிது. குறை உள்ளே இருக்கிறது. பல துண்டுகளாக இணைத்த கம்பிகள் காற்றில் வளைந்து வளைந்து இணைப்புகள் தளரும். சாதாரணமாகப் பேசும்போது அது தெரியாது. ரிப்பீட்டர் ஒரே ஆண்டெனாவில் ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்கவும் செய்வதால், தளர்ந்த ஓர் இணைப்பு போதும், வாங்கியில் கரகரப்பு ஏறிவிடும். இரண்டு பட்டை ஆண்டெனாக்களில் இந்த இணைப்புகள் அதிகம். ஆகவே ரிப்பீட்டருக்கு ஒரே பட்டைக்கென்று செய்த, குட்டையான, தடித்த சுவர் உள்ள ஆண்டெனாவைத் தேடுங்கள்.

மூன்றாவது, திறந்த மடிப்பு டைபோல்கள். ஒன்றோ இரண்டோ நான்கோ வளையங்கள் ஒரு குழாயில் வரிசையாக. பெரும்பாலானவற்றில் உலோகம் முழுதும் தரையோடு இணைந்திருப்பதால் இடிக்கும் மின்னலுக்கும் நல்லது, கண்ணால் பார்த்தே பழுது கண்டுபிடிக்கலாம். நான்கு வளையம் 2 மீட்டர் பட்டையில் ஆறு மீட்டருக்கு மேல் போய்விடும்; அது நமக்கு வேண்டாம். ஒற்றை வளையமோ இரட்டையோ போதும். எனக்குப் பிடித்தது இரட்டை.

நான்காவது வழி, ரிப்பீட்டரையே 70 செமீ பட்டைக்கு மாற்றுவது. அலை நீளம் மூன்றில் ஒன்றாகும்போது, அதே கெயினுக்கு ஆண்டெனாவும் மூன்றில் ஒன்று. 2 மீட்டரில் ஆறு மீட்டர் உயரம் கேட்கும் நான்கு வளைய அடுக்கு 70 செமீயில் ஏறக்குறைய இரண்டு மீட்டரில் முடியும். ஒரே ஆண்டெனாவில் அனுப்புவதையும் கேட்பதையும் பிரித்து வைக்கும் டூப்ளெக்ஸர் டப்பாவும் சின்னதாகும். விலை என்னவென்றால், மலைக்குப் பின்னால் வளைந்து போவதில் 70 செமீ மோசம். ஈர இலைகளும் அதை அதிகம் குடிக்கும். ஒரே பள்ளத்தாக்குக்கு அல்லது ஒரு கடற்கரைக்கு என்றால் யோசிக்காமல் 70 செமீ போகலாம். தீவு முழுதுக்கும் என்றால் 2 மீட்டர்.

மெல்லிய கம்பி என்றால் காற்றுச் சுமை குறைவு என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். இங்கே மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்கிலிருந்து அலிசே என்ற வணிகக் காற்று ஓயாமல் வீசும். அந்த நிதானமான காற்றில்தான் மெல்லிய கம்பிகள் ரீங்காரம் போடும். ஆறு மில்லிமீட்டர் கம்பி நொடிக்கு 8 மீட்டர் காற்றில் ஒரு நொடிக்குள் 260 தடவைக்கு மேல் துடிக்கக்கூடும். அந்தத் துடிப்பு மாதக்கணக்கில் நடந்தால் கம்பி அடியில் விரிசல் விழும். புயல் வரும்போது ஒடிவது அப்படி ஏற்கனவே பாதி அறுந்திருந்த கம்பிதான். கம்பி நுனியில் ரப்பர் மூடி போடுவதும், குழல் கம்பி என்றால் உள்ளே ஒரு துண்டு நைலான் கயிறு நுழைப்பதும் துடிப்பைக் கொல்லும்.

குழாயும் சுவரும்

பலர் ஆண்டெனாவுக்குக் கணக்குப் போட்டுவிட்டு, குழாயைக் கடையில் கையில் கிடைத்ததை எடுத்து வந்துவிடுவார்கள். வெளி விட்டம் 48.3 மிமீ, சுவர் 3.2 மிமீ உள்ள சாதாரண இரும்புக் குழாயை எடுத்துக்கொள்வோம்; ஒன்றரை அங்குலக் குழாய் என்று கேட்டால் தருவார்கள். அது சுமார் 1100 நியூட்டன் மீட்டரில் நிரந்தரமாக வளையும். பத்திரத்துக்கு 700க்கு மேல் போகக் கூடாது என்று வையுங்கள்.

இப்போது, கடைசிப் பிடிப்புக்கு மேலே இரண்டு மீட்டர் குழாய் தனியாக நிற்கிறது, அதன் மேல் மூன்று மீட்டர் ஆண்டெனா. 250 கிமீ காற்றில் ஆண்டெனாவும் குழாயும் சேர்ந்து பிடிப்பில் போடும் நெம்பு 1800ஐத் தாண்டும். குழாய் மடங்கும், சந்தேகமே இல்லை. அதே குழாய், பிடிப்புக்கு மேலே 1.2 மீட்டர் மட்டும், அதன் மேல் 1.7 மீட்டர் ஆண்டெனா: நெம்பு 500. நிற்கும். உயரத்தில் 80 செமீயை விட்டுக்கொடுத்ததில் சிக்னலில் யாருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை.

சுவரில் பிடிப்பு போடும்போது எதில் துளையிடுகிறோம் என்பதுதான் எல்லாம். இங்கே வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் உள்ளே பொள்ளலான காங்கிரீட் பிளாக். அதில் விரிவு போல்ட் போட்டால் முதல் பெரிய வீச்சிலேயே பிளாக்கின் முகத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். தூணையோ பீமையோ தேடிப் பிடியுங்கள். அங்கே ரசாயனப் பசை ஊற்றிய போல்ட், அல்லது மறுபக்கம் தகடு வைத்து ஊடுருவும் போல்ட். பிடிப்புகள் இரண்டு, அவற்றுக்கு இடையே குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி. இடைவெளி கூடக் கூட ஒவ்வொரு போல்ட்டின் மேலும் சுமை குறையும்.

துளை போடாமல் முக்காலி ஒன்றை மாடியில் வைத்து மேலே பிளாக் கற்களை அடுக்கும் முறையும் உண்டு. டிஷ் ஆண்டெனாவுக்கு வெளிநாடுகளில் செய்கிறார்கள். இங்கே செய்தால் கற்களும் சேர்ந்து பறக்கும். வேண்டாம்.

கடல் உப்பு எங்கும் வரும். குழாய் சூட்டில் தோய்த்த கால்வனைஸ் ஆக இருக்கட்டும், வெறும் பெயிண்ட் போதாது. யு-போல்ட், நட்டு எல்லாம் இனாக்ஸ் (துருப்பிடிக்காத எஃகு) 316. கடையில் இனாக்ஸ் என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் 304ஐத் தந்துவிடுவார்கள், கடலோரத்தில் அது சில ஆண்டுகளில் பழுப்பேறும். இனாக்ஸ் நட்டுகள் இறுக்கும்போதே போல்ட்டோடு ஒட்டிப் பூட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளவை. மரையில் ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவாமல் இறுக்க வேண்டாம்.

குழாயை உயரமாக்கியே தீர வேண்டும் என்றால் இழுகம்பி கட்டுங்கள். மூன்று திசையில், 120 டிகிரி இடைவெளியில், தரையோடு 45 டிகிரிக்கு அருகில். கம்பி கிளிப்பின் யு-வடிவப் பகுதி சுமை தாங்காத வால் பக்கம் உட்கார வேண்டும். முறுக்கி இறுக்கும் திருகுகள் காற்றின் அதிர்வில் தாமாகக் கழலாதபடி கம்பி சுற்றிப் பூட்டிவிடுங்கள்.

ஏற்றும் நாள்

அலிசே ஓய்ந்த காலை நேரமாகப் பாருங்கள். இருவராவது வேண்டும், மேலே ஏறுபவருக்குக் கச்சை வேண்டும். சிஇபி (மின்சார வாரிய) மின்கம்பி எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். குழாயும் ஆண்டெனாவும் சேர்ந்த மொத்த நீளத்தில் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் மின்கம்பி இருந்தால் இடத்தை மாற்றுங்கள். இதில் சமரசம் கிடையாது.

ஆண்டெனாவை மேலே கொண்டுபோகும் முன் தரையிலேயே, ஒரு மரக்கம்பில் நிறுத்தி, நானோ விஎன்ஏ என்ற சின்ன அளவுக் கருவி வைத்து எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் திறன் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண்) பாருங்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் இரண்டு அலைவரிசையிலும் 1.5க்குக் கீழே இருந்தால் போதும். 1.1 வரவழைக்கிறேன் என்று நாள் முழுதும் உட்கார வேண்டியதில்லை.

ஃபைபர் கிளாஸ் ஆண்டெனாவை அடியில் உள்ள உலோகக் குழல் பகுதியில் மட்டும் பிடிக்க வேண்டும். வெள்ளைக் குழாயின் மேல் கிளாம்பை இறுக்கினால் அது நசுங்கும், அங்கேயே ஒடியும். அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அது வேர்த்த நீர் வடிவதற்கு. மழை உள்ளே போகும் என்று பயந்து அதை அடைத்துவிடாதீர்கள். க்யூர்பிப் ஈரத்தில் உள்ளே தண்ணீர் தேங்கி ஆண்டெனா கெடுவது அப்படி அடைத்ததால்தான்.

முடிந்தால் ஆண்டெனா குழாயின் உச்சியில் நிற்கட்டும். பக்கவாட்டில் மாட்டியே ஆக வேண்டும் என்றால் குழாயிலிருந்து குறைந்தது அரை மீட்டர் தள்ளி மாட்டுங்கள். அப்போதும் ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் பலவீனமாகவும் இருக்கும். சில இடங்களில் அதுவே வசதி. பின்னால் மலை இருந்தால் அந்தப் பக்கம் பலவீனமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

கேபிளில் கஞ்சத்தனம் கூடாது. பளபளப்பான அலுமினியத் தாளும் அதன் மேல் பின்னலும் உள்ள வகை, சாதாரண நிலையத்துக்கு அருமையானது, ரிப்பீட்டருக்கு ஆகாது. தாளும் பின்னலும் உரசும் இடத்தில் எழும் சன்ன இரைச்சல் வாங்கியைச் செவிடாக்கும். அரை அங்குல நெளிவுச் செப்புக் கேபிள் போடுங்கள், அல்லது குறுகிய தூரத்துக்கு இரட்டைப் பின்னல் உள்ள ஆர்ஜி-214. அரை அங்குலக் கேபிளில் 20 மீட்டருக்கு இழப்பு அரை டிபி அளவுதான். சாதாரண ஆர்ஜி-213இல் அது ஒன்றரை டிபியைத் தாண்டும். பெரிய ஆண்டெனாவுக்குக் கொடுக்க நினைத்த பணத்தை இங்கே கொடுங்கள், காற்றுக்கு அது தெரியாது. கனெக்டர் என்-வகை.

கேபிளுக்கும் காற்றுச் சுமை உண்டு. அதைக் குழாயோடு ஒட்டி, அரை மீட்டருக்கு ஒரு கட்டு போடுங்கள். சாதாரண நைலான் கட்டு வெயிலில் பொடியாகும். இனாக்ஸ் பட்டை நல்லது. கனெக்டர் மேல் முதலில் ஒரு சுற்று மின்சார டேப், அதன் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், கடைசியில் மறுபடி மின்சார டேப், கீழிருந்து மேலாக. வீட்டுக்குள் நுழையும் முன் கேபிள் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், மழைநீர் அங்கே சொட்டும்.

எர்த்திங் பற்றிச் சுருக்கமாக: இங்கே மண்ணுக்கு அடியில் பல இடங்களில் எரிமலைப் பாறை. செப்புக் கம்பத்தை ஆழமாக அடிக்க முடியாது. அகலமான செப்புப் பட்டையைக் கிடைமட்டமாக நீளமாகப் புதைத்து, அதை வீட்டு மின்சார எர்த்தோடும் சேர்த்துவிடுங்கள். கேபிள் உள்ளே வரும் இடத்தில் மின்னல் தடுப்பான். தனித்தனி எர்த் வைத்தால் இரண்டுக்கும் நடுவில் மின்னல் பாயப் போகும் இடம் உங்கள் ரிப்பீட்டர்தான்.

அசைத்துப் பார்த்தல்

எல்லாம் மாட்டியாகிவிட்டது. இனி உண்மையான சோதனை. ஒரு நண்பரைத் தொலைவில், கேட்டும் கேட்காமலும் இருக்கும் அளவுக்குப் பலவீனமாகப் பேசச் சொல்லுங்கள். ரிப்பீட்டரின் அனுப்பியை அணைத்து வாங்கியில் கேளுங்கள், அப்புறம் அனுப்பியைப் போட்டுக் கேளுங்கள். குரல் அதே அளவில் இருந்தால் டூப்ளெக்ஸரும் கேபிளும் சரி. அமுங்கினால் ஆண்டெனாவை மாற்ற ஓட வேண்டாம். முதலில் ஆண்டெனா கேபிளை டூப்ளெக்ஸரிலிருந்து கழற்றி, அங்கே டம்மி லோட் (திறனை வெளியே வீசாமல் வெப்பமாக்கும் போலிச் சுமை) போட்டு, நண்பரை அருகே வரவழைத்து அதே பலவீன அளவில் பேச வைத்துப் பாருங்கள். அப்போதும் அமுங்கினால் கோளாறு டூப்ளெக்ஸர் பக்கம். அமுங்காவிட்டால் கேபிளிலோ ஆண்டெனாவிலோ.

அடுத்து, அனுப்பி ஓடும்போதே ஒருவர் குழாயைக் கீழே பிடித்துக் குலுக்கட்டும், கேபிளை ஒவ்வொரு கட்டிலும் தட்டட்டும். கரகரவென்று வந்தால் அந்த இடத்தில் தளர்வு இருக்கிறது. துருப்பிடித்த சங்கிலியோ இழுகம்பியோ பக்கத்தில் உரசிக்கொண்டிருந்தாலும் இதே சத்தம்தான் வரும். இன்று கையால் குலுக்கும்போது வரும் சத்தம், அலிசே வீசும் மாதங்களில் நாள் முழுதும் வரும்.

புயல் வழக்கம்

அக்டோபரில் ஒரு தடவை, மே கடைசியில் ஒரு தடவை மேலே ஏறிப் பாருங்கள். நட்டுகள், கட்டுகள், டேப், ஃபைபர் கிளாஸின் மேல் பூச்சு. வெயிலில் பூச்சு போய் நார் வெளியே தெரிந்தால் அந்த ஆண்டெனாவின் பலம் போய்க்கொண்டிருக்கிறது. எஸ்டபிள்யூஆரை எழுதி வைத்து முந்தைய எண்ணோடு ஒப்பிடுங்கள். மழைநாளில் மட்டும் ஏறும் எஸ்டபிள்யூஆர் என்றால் எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது.

குழாயின் அடியில் கீல் வைத்து மடக்கும்படி செய்திருந்தால் முதல் வகுப்பு எச்சரிக்கை வந்ததுமே ஆண்டெனாவைச் சாய்த்துக் கட்டிவிடலாம். மூன்றாம் வகுப்பு வரும் வரை காத்திருந்து மாடியில் ஏறுவது முட்டாள்தனம். அந்த வேளையில் வீட்டுக்குள் இருங்கள், ஆண்டெனா போனால் போகட்டும். எவ்வளவு கணக்குப் போட்டாலும் பக்கத்து வீட்டுத் தகரமோ ஃபிலாவோ (சவுக்கு) மரத்தின் கிளையோ பறந்து வந்து அடித்தால் எந்த ஆண்டெனாவும் நிற்காது.

அதற்காகத்தான் பரணில் அந்த மாற்று ஆண்டெனா. பெட்டி ஒன்றில் இவை இருக்கட்டும்: ஏற்கனவே அளந்து சரிபார்த்த கால் அலை கிரவுண்ட் பிளேன், இரண்டு பக்கமும் என்-கனெக்டர் போட்ட பத்து மீட்டர் கேபிள், நான்கு யு-போல்ட், ஒரு ஸ்பேனர், டேப் சுருள், ஒன்றரை மீட்டர் குழாய்த் துண்டு. இவற்றோடு கார் பேட்டரியிலிருந்து ரிப்பீட்டருக்குப் போகும் வயரும். எச்சரிக்கை முழுதாக விலகியதும், மின்கம்பி எதுவும் மாடியில் விழுந்து கிடக்கவில்லை என்று பார்த்துவிட்டு, ஒரு ஆள் அரை மணி நேரத்தில் இதை மாட்டிவிடலாம். வருடம் ஒரு தடவை, அக்டோபர் சோதனையின்போதே, பெட்டியைத் திறந்து அந்த ஆண்டெனாவை உண்மையாகவே மாட்டி அதில் பேசிப் பாருங்கள்.